வடிவமைப்பு முறைகளை அன்றாட வேலையில் கையாளுதல்: ஒரு சிறு பணியின் வழியே

மென்பொருள் வடிவமைப்பு முறை எதையும் முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை வகுத்தபடியே பின்பற்றும் குழுவைக் காண்பது அரிது. ஒரு முறையிலிருந்து ஒரு வரைபடத்தையும், இன்னொன்றிலிருந்து ஒரு கேள்வியையும், வேறொன்றிலிருந்து ஒரு சொல்லையும் எடுத்துக்கொண்டு வேலையை நகர்த்துவதே வழக்கம். இதில் தவறேதும் இல்லை. கையிலுள்ள சந்தேகம் என்ன என்று தெரியாமலே வரைபடம் வரையத் தொடங்கும்போதுதான், அழகான படங்களும் அவற்றோடு ஒட்டாத நிரலும் மிஞ்சுகின்றன. எனவே இந்த வழிகாட்டி முறைகளை வரிசையாக அறிமுகப்படுத்தாமல், ஒரேயொரு பணியை எடுத்துக்கொண்டு, எந்தச் சந்தேகத்துக்கு எந்த முறையின் எந்தப் பகுதி விடை தருகிறது என்று பார்க்கிறது.

பணி இதுதான். ஓர் அரங்கின் இருக்கைகளை இணையவழியில் முன்பதிவு செய்யும் மென்பொருள் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது. இதுவரை பணம் செலுத்திய பிறகுதான் இருக்கை ஒதுக்கப்பட்டது. அதனால் ஒரே இருக்கைக்கு இருவர் பணம் கட்டிவிட்டு ஒருவர் ஏமாறுவதும் நடந்தது. இனி ஒருவர் இருக்கையைத் தேர்ந்தெடுத்தவுடன் அதை 10 நிமிடம் அவருக்காக ஹோல்டு செய்ய, அதாவது வேறெவரும் எடுக்காதபடி நிறுத்திவைக்க, வேண்டும். அதற்குள் பணம் வந்தால் பதிவு, வராவிட்டால் இருக்கை மீண்டும் காலி. சொல்வதற்கு இவ்வளவுதான்.

கேள்விகளை முதலில் எழுதுங்கள்

எடிட்டரைத் திறக்கும் முன், இந்தப் பணியில் உங்களுக்குத் தெரியாதவற்றை ஒரு காகிதத்தில் கேள்விகளாக எழுதுங்கள். ஹோல்டு முடிந்த பிறகு பணம் வந்தால் என்ன செய்வது? ஒரே நொடியில் இருவர் ஒரே இருக்கையைத் தேர்ந்தெடுத்தால்? பத்து நிமிடம் என்பது நாளை பதினைந்தாகுமா? நடுவில் சர்வர் மறுதொடக்கம் ஆனால்? பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, தவறான முடிவு எடுத்துவிட்டால் பின்னால் திருத்துவது எளிதா, கடினமா என்று குறியுங்கள். பக்கத்தின் தோற்றத்தையும், உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களின் பெயரையும் அடுத்த நாளே மாற்றிவிடலாம். தரவுத்தள அட்டவணையின் அமைப்பு, வெளி அமைப்புகளோடு பரிமாறும் செய்தியின் வடிவம், ஏற்கெனவே சேமித்துவிட்ட தரவின் பொருள் ஆகியவற்றை அப்படி மாற்ற இயலாது. வடிவமைப்புக்கு ஒதுக்கும் நேரம் ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டாம் வகைக்கே போக வேண்டும். ஒரு வாரப் பணிக்கு அரை நாள் என்பது என் சொந்தக் கணக்கு. அதற்கு மேல் போனால், எழுதிப் பார்த்தால் மட்டுமே விடை கிடைக்கும் ஒரு கேள்வியைக் காகிதத்தில் தீர்க்க முயல்கிறேன் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வடிவமைப்பு முழுவதும் முடிந்த பிறகே நிரல் எழுத வேண்டும் என்ற அருவி முறைக்கு ஆதாரமாக வின்ஸ்டன் ராய்ஸின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையைக் காட்டுவது உண்டு. அந்தப் படிவரிசையை அப்படியே செயல்படுத்துவது ஆபத்தானது என்று அதே கட்டுரையில் எழுதியவரும் அவரேதான். மறுபுறம், 2001இல் 17 பேர் சேர்ந்து வெளியிட்ட அஜைல் அறிக்கையை, அதாவது மென்பொருளைச் சிறு சிறு படிகளாக, மாற்றங்களை ஏற்றுக்கொண்டே உருவாக்கச் சொல்லும் அறிக்கையை, காட்டி வடிவமைப்பே தேவையில்லை என்று வாதிடுவோரும் உண்டு. நல்ல வடிவமைப்பில் இடைவிடாத கவனம் வேண்டும் என்பது அந்த அறிக்கையோடு வந்த 12 கொள்கைகளுள் ஒன்று என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நிலை அட்டவணை

நேரத்தோடு மாறும் எந்தப் பொருளுக்கும் முதலில் எடுக்க வேண்டிய கருவி இது. டேவிட் ஹாரெல் 1987இல் முன்வைத்த நிலை வரைபடங்கள், நிலைக்குள் நிலை, இணையாக இயங்கும் நிலைகள் என்று விரிந்தவை. நமக்கு அவ்வளவு தேவையில்லை. கோடு போட்ட ஓர் அட்டவணை போதும். பக்கவாட்டில் நிலைகளை எழுதுங்கள்: காலி, ஹோல்டு, பதிவு. மேலே நிகழ்வுகளை எழுதுங்கள்: தேர்வு, பணம் வந்தது, அவகாசம் முடிந்தது, ரத்து. மூன்றுக்கு நான்கு, ஆக 12 கட்டங்கள்.

தேவையைச் சொன்னவர் மனத்தில் இருந்தவை ஐந்து கட்டங்கள்தாம். காலியான இருக்கையைத் தேர்ந்தெடுத்தால் ஹோல்டு. ஹோல்டில் பணம் வந்தால் பதிவு. ஹோல்டில் அவகாசம் முடிந்தாலோ ரத்து செய்தாலோ காலி. பதிவானதை ரத்து செய்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலி. மீதி ஏழு கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு யோசனையே தேவையில்லை: காலியான இருக்கையில் அவகாசம் முடிவதற்கும் ரத்து வருவதற்கும் ஒன்றும் செய்ய வேண்டாம், பதிவான இருக்கையைத் தேர்ந்தெடுக்க முயன்றால் மறுத்துவிடலாம்.

எஞ்சிய நான்கையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஹோல்டில் இருக்கும் இருக்கையை வேறொருவர் தேர்ந்தெடுத்தால் மறுப்பதில் குழப்பமில்லை; அதே ஆள் மறுபடி தேர்ந்தெடுத்தால் கடிகாரம் புதிதாகத் தொடங்குமா? தொடங்கும் என்றால், ஒன்பதாவது நிமிடத்தில் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே ஒருவர் நாள் முழுவதும் இருக்கையைக் கையில் வைத்திருக்கலாம். பதிவான இருக்கைக்கு மீண்டும் பணம் வந்ததாகச் செய்தி வந்தால், அது கட்டணச் சேவை ஒரே செய்தியை இரண்டாம் முறை அனுப்பியதா, வாடிக்கையாளர் உண்மையிலேயே இருமுறை கட்டினாரா என்று பிரித்தறிய வேண்டும். பதிவான பிறகு அவகாசம் முடிந்தால், எக்காரணம் கொண்டும் இருக்கை விடுபடக் கூடாது. காலியாகிவிட்ட இருக்கைக்குப் பணம் வந்தால், அதாவது பதினோராவது நிமிடத்தில் பணம் வந்தால், என்ன செய்வது என்பதை நிரலர் தீர்மானிக்கக் கூடாது. இருக்கை இன்னும் காலியாக இருந்தால் பதிவு, இல்லையேல் பணம் திரும்ப என்பதா, தாமதமாக வந்தால் எப்போதுமே பணம் திரும்ப என்பதா என்பதைத் தொழிலை நடத்துபவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அந்தக் கட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

அட்டவணை நிரம்பியதும் அது சொல்லாத ஒன்றைத் தேடுங்கள். இந்த முறையின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது. முதலாமவரின் அவகாசம் முடிந்து, இரண்டாமவர் அதே இருக்கையை ஹோல்டு செய்திருக்கும்போது முதலாமவரின் பணம் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணைப்படி, ஹோல்டில் இருக்கும் இருக்கைக்குப் பணம் வந்தால் பதிவு. யாருக்குப் பதிவு? கட்டத்தில் நிரப்பிய விடை தவறல்ல, எதன் நிலைகளை அட்டவணையிட்டோம் என்பதே தவறு என்பது இப்போது தெரிகிறது. நிலை மாறுவது இருக்கைக்கு அன்று, ஹோல்டுக்கு. இன்ன ஆள், இன்ன இருக்கை, இன்ன நேரம் வரை என்ற தனித்த பொருள் ஒன்று இருக்கிறது. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பணம் வந்து சேர வேண்டியது அதற்கே. தேவையைச் சொன்ன வாக்கியத்தில் ஹோல்டு வினையாக வந்ததால் இந்தப் பெயர்ச்சொல் கண்ணில் படவில்லை. இதை நிரல் எழுதிய பிறகு கண்டுபிடித்திருந்தால், பாதி நிரலைத் திருப்பி எழுத நேர்ந்திருக்கும்.

தரவும் பெயர்களும்

பீட்டர் சென் 1976இல் வகுத்த பொருள்-உறவு முறையின், அதாவது சேமிக்கும் பொருள்களைப் பெட்டிகளாகவும் அவற்றின் உறவுகளைக் கோடுகளாகவும் வரையும் முறையின், முழுக் குறியீடுகளும் இங்கே வேண்டாம். மூன்று பெட்டிகளும் இரண்டு கோடுகளும் போதும். இருக்கை, ஹோல்டு, பதிவு. ஓர் இருக்கைக்குக் காலப்போக்கில் பல ஹோல்டுகள் உண்டு. ஒரு நிகழ்ச்சியைப் பொறுத்தவரை எந்த நேரத்திலும் உயிருள்ள ஹோல்டு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த விதியை எங்கே வைப்பது? நிரலில் மட்டும் வைத்தால், இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் இருக்கையைப் பார்த்து, இரண்டும் காலி என்று கண்டு, இரண்டும் எழுதிவிடும். எனவே அதைத் தரவுத்தளத்தின் தனித்துவக் கட்டுப்பாடாக, அதாவது ஒரே மதிப்பு இருமுறை சேமிக்கப்படுவதைத் தரவுத்தளமே தடுக்கும் விதியாக, வையுங்கள். இரண்டாவதாக எழுத வருவது அங்கே தானாகத் தோற்றுப்போகும். பணம் வந்ததும் பதிவாக மாற்றும் கட்டளையையும், இன்னும் ஹோல்டு நிலையில் இருந்தால் மட்டும் மாற்று என்ற நிபந்தனையோடு ஒரே கட்டளையாக எழுதுங்கள். முதலில் படித்து, யோசித்து, பிறகு எழுதினால் இடையில் நிலை மாறிவிடலாம்.

இன்னொரு சிறு முடிவும் இங்கே எடுக்க வேண்டியிருக்கிறது. ஹோல்டு தொடங்கிய நேரத்தைச் சேமித்து ஒவ்வொரு முறையும் 10 நிமிடத்தைக் கூட்டுவதா, முடியும் நேரத்தையே சேமிப்பதா? முடியும் நேரத்தைச் சேமித்தால், அவகாசத்தை நாளை 15 நிமிடமாக்கும்போது அது புதிய ஹோல்டுகளை மட்டுமே பாதிக்கும். இன்று திரையில் பத்து நிமிடம் என்று பார்த்தவருக்கு அதே பத்து நிமிடம் கிடைக்கும்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஹோல்டு என்று எல்லாரும் பேசினால், தரவுத்தள அட்டவணையின் பெயரும், நிரலில் உள்ள பெயரும், பிழை அறிக்கையில் வரும் பெயரும் ஹோல்டாகவே இருக்க வேண்டும். தொழிலின் சொல்லே நிரலின் சொல்லாக இருக்க வேண்டும் என்பது 2003இல் எரிக் எவன்ஸ் முன்வைத்த தொழில்களம் சார்ந்த வடிவமைப்பின் மையக் கருத்து. அந்த முறையின் மற்றப் பகுதிகளைத் தொடாதவர்களும் இதை மட்டும் கடைப்பிடிக்கலாம். ஒரே பொருளுக்கு ஒருவர் ரிசர்வ் என்றும், இன்னொருவர் லாக் என்றும் பெயர் வைத்த நிரலில் பிழை தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எல்லைகளை எங்கே போடுவது

தேர்வு, கட்டணம், உறுதிசெய்தல் என்று நிகழும் வரிசையிலேயே மாட்யூல்களை, அதாவது நிரலின் தனித்தனிப் பகுதிகளை, பிரிப்பதுதான் முதலில் தோன்றும் யோசனை. டேவிட் பார்னஸ் 1972ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதைத்தான் மறுத்தார். செயல்வரிசையை வைத்துப் பிரிக்காமல், கடினமான அல்லது மாறக்கூடிய முடிவுகளை முதலில் பட்டியலிட்டு, ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் மறைத்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அன்றாட வேலையில் இதைவிட அதிகம் பயன்படும் அறிவுரையை நான் பார்த்ததில்லை.

நம் பணியில் மாறக்கூடியவை எவை? அவகாசத்தின் நீளம், கட்டணச் சேவை நிறுவனம், ஹோல்டு காலாவதியானதைக் கண்டறியும் விதம். அப்படியானால் காலாவதி பற்றிய அறிவு முழுவதும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். மற்ற இடங்கள் இந்த ஹோல்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டும், நேரத்தைத் தாங்களே ஒப்பிடக் கூடாது. சரியாகப் பிரித்திருக்கிறோமா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. குழுப் பதிவுகளுக்கு மட்டும் 15 நிமிடம் என்ற மாற்றம் வந்ததாகக் கற்பனை செய்து, எத்தனை கோப்புகளைத் தொட வேண்டியிருக்கும் என்று எண்ணி, அந்த எண்ணைக் குறித்துவையுங்கள். லாரி கான்ஸ்டன்டைனும் சக ஆசிரியர்களும் 1974இல் விளக்கிய பிணைப்பு (மாட்யூல்கள் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்திருக்கின்றன), ஒருமை (ஒரு மாட்யூலுக்குள் இருப்பவை எவ்வளவு தொடர்புடையவை) என்ற இரு அளவுகோல்களை அன்றாடத்தில் கையாள இந்த எண்ணிக்கையே போதுமானது. பழைய நிரலாக இருந்தால் கற்பனைகூட வேண்டாம்: நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் எந்தக் கோப்புகள் எப்போதும் சேர்ந்தே மாறுகின்றன என்று பார்த்தால், எல்லை தவறிய இடம் தெரிந்துவிடும்.

கட்டணப் பகுதி வேறொரு குழுவிடம் இருந்தால், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மென்பொருளின் எல்லை அங்கேதான் விழும். அமைப்பை உருவாக்குபவர்களின் தொடர்பு அமைப்பையே அவர்கள் உருவாக்குவதும் ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதியது இதைத்தான். அந்தக் குழுவிடம் பேசாமல் இடைமுகத்தை வரைவது வீண் வேலை.

1994இல் வெளியான நூல் ஒன்றால் பரவிய 23 வடிவமைப்பு வார்ப்புகளை, அதாவது அடிக்கடி வரும் சிக்கல்களுக்குப் பெயரிட்டு வைத்த தீர்வுகளான டிசைன் பேட்டர்ன்களை, இந்தக் கட்டத்தில் நினைவுகூருங்கள். அதற்கு முன் வேண்டாம். கட்டணச் சேவையை ஓர் அடாப்டருக்கு (ஒன்றின் இடைமுகத்தை இன்னொன்றுக்கு ஏற்ப மாற்றித்தரும் பகுதிக்கு) பின்னால் வைப்போம் என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களுக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. வார்ப்புகளின் பயன் பெரும்பாலும் இந்தப் பேச்சுச் சுருக்கம்தான். மூன்றே நிலைகள் கொண்ட ஹோல்டுக்கு ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கிளாஸ் (தரவும் செயலும் சேர்ந்த நிரல் அலகு) எழுதும் ஸ்டேட் வார்ப்பைப் போட்டு ஐந்து கிளாஸ்கள் எழுதினால், படிப்பவர் ஐந்து கோப்புகளைத் திறந்து, ஓர் அட்டவணை சொல்லியிருக்கக்கூடியதைத் தெரிந்துகொள்வார்.

அம்புகளை ஐயப்படுங்கள்

இரண்டு அமைப்புகள் பேசிக்கொள்ளும் இடத்துக்கு, எது எதற்கு எந்தச் செய்தியை எந்த வரிசையில் அனுப்புகிறது என்று அம்புகளால் காட்டும் வரிசை வரைபடம் ஏற்றது. மென்பொருள் வரைபடங்களுக்கான குறியீட்டு மொழியான யூஎம்எல் 1997இல் தரமாக ஏற்கப்பட்டது, அதன் 2.5ஆம் பதிப்பில் 14 வகை வரைபடங்கள் உள்ளன. நான் வைட்போர்டில் வழக்கமாக வரைவது இரண்டு: வரிசை வரைபடமும் நிலை வரைபடமும். எல்லாம் சரியாக நடக்கும் கதையை மட்டும் வரைந்தால் அதனால் பெரிய பயனில்லை. ஒவ்வோர் அம்பின் மேலும் விரலை வைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தச் செய்தி வராமலே போனால்? இருமுறை வந்தால்? தாமதமாக வந்தால்? கட்டணச் சேவையிலிருந்து வரும் அம்பில் கேட்டால், ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு தனி எண் வேண்டும், அந்த எண்ணை முன்பே பார்த்திருந்தால் இரண்டாம் முறை எதுவும் செய்யக் கூடாது என்ற முடிவு தானாக வந்துசேரும்.

அம்பின் மேல் அலகையும் எழுதுங்கள். தொகை முழு நாணயத்திலா, அதன் மிகச் சிறிய அலகிலா? நேரம் எந்த நேர மண்டலத்தில்? இது அற்பமாகத் தோன்றலாம். 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தை இழந்ததற்குக் காரணம், தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று உந்துவிசைத் தரவைப் பவுண்டு-விசை நொடிகளில் தர, அதைப் பெற்ற மென்பொருள் நியூட்டன்-நொடிகள் என்று கொண்டதுதான். இரண்டு மென்பொருள்களும் தனித்தனியே கணக்கைச் சரியாகத்தான் போட்டன.

முடிவை எழுதிவைத்தல்

மைக்கேல் நைகார்டு 2011இல் முன்மொழிந்த முடிவுப் பதிவு முறை, ஆவணம் எழுதப் பிடிக்காத குழுக்களிலும் நிலைப்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு முடிவுக்கு ஒரு சிறு கோப்பு. அது நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே இருக்கும். நம் பணிக்கு ஒன்று இப்படி அமையலாம்:

தலைப்பு: 7. ஹோல்டின் காலாவதியை நேர ஒப்பீட்டால் தீர்மானித்தல்.
நிலை: ஏற்கப்பட்டது.
சூழல்: ஒவ்வொரு ஹோல்டுக்கும் நினைவகத்தில் ஒரு டைமர் வைத்தால், சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது டைமர்கள் அழிந்து, இருக்கைகள் விடுபடாமல் கிடக்கும்.
முடிவு: முடியும் நேரத்தை ஹோல்டோடு சேமிப்போம். அந்த நேரம் கடந்திருந்தால் ஹோல்டு முடிந்ததாகக் கொள்வோம். நேரத்தைத் தரவுத்தளத்தின் கடிகாரத்திலிருந்தே எடுப்போம்.
விளைவு: முடிந்த ஹோல்டுகள் தரவுத்தள அட்டவணையில் தங்கும், புதிய ஹோல்டை உருவாக்கும் தரவுத்தளப் பரிவர்த்தனையிலேயே பழையதை மூட வேண்டும். இருக்கை விடுபட்டதை அந்த நொடியே காத்திருப்போருக்கு அறிவிக்க இயலாது.
எடுகோள்: எல்லாச் சர்வர்களும் ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன.

எடுகோள் என்ற வரி நான் சேர்த்துக்கொண்டது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே, புறப்பட்டு ஒரு நிமிடம் ஆவதற்குள் சிதறியதை நினைத்து எழுதும் வரி அது. ஏரியன் 4க்காக எழுதிய வழிநடத்து மென்பொருள் அதில் மறுபடி பயன்படுத்தப்பட்டது. 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், புதிய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த மதிப்பு அடங்கவில்லை. பழைய ராக்கெட்டுக்கு அந்த எடுகோள் செல்லுபடியாகி இருந்தது. முடிவு மாறும்போது பழைய கோப்பைத் திருத்தாதீர்கள்; புதிய கோப்பை எழுதி, பழையதன் நிலையில் அதன் எண்ணைக் குறியுங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது

முன்பு நான் இருந்த குழு ஒன்றில் அறுபது பக்க வடிவமைப்பு ஆவணம் ஒன்று இருந்தது. புதிதாகச் சேர்ந்த நான் இரண்டு நாள் அதைப் படித்துவிட்டு, அதிலிருந்த கிளாஸ் வரைபடத்தை நம்பி ஒரு திருத்தத்தை எழுதினேன். அந்தக் கிளாஸ் ஓராண்டுக்கு முன்பே இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆவணம் எதுவும் இல்லாதிருந்தால் நேராக நிரலைப் படித்திருப்பேன், அந்த இரண்டு நாளும் மிஞ்சியிருக்கும். அதற்குப் பிறகு, கிளாஸ் அளவிலான வரைபடங்களை வைட்போர்டில் வரைந்து, பேசி முடித்ததும் அழித்துவிடுகிறேன். வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: எந்தெந்த அமைப்புகள் எதனோடு பேசுகின்றன என்று காட்டும் ஒற்றைப் பக்கப் படம், முடிவுப் பதிவுகள், நிலை அட்டவணை.

அட்டவணையைக் காகிதமாக வைத்தால் அதுவும் பழையதாகிவிடும் என்பதால், அதை டெஸ்ட்டுகளாக, அதாவது நிரலைத் தானாகச் சரிபார்க்கும் சிறு நிரல்களாக, மாற்றுங்கள். 12 கட்டங்களுக்கு 12 டெஸ்ட்டுகள், முதலாமவரின் பணம் இரண்டாமவரின் ஹோல்டில் விழக் கூடாது என்பதற்கு இன்னொன்று. ஒவ்வொரு டெஸ்ட்டின் பெயரும் கட்டத்தின் பெயராகவே இருக்கட்டும்: பதிவான பின் அவகாசம் முடிந்தால் இருக்கை விடுபடாது. ஒரே நேரத்தில் இருநூறு கோரிக்கைகள் வந்தால் தனித்துவக் கட்டுப்பாடு தாங்குமா என்ற கேள்விக்கு மட்டும் இந்த டெஸ்ட்டுகள் விடை தரா. அதற்கு ஒரு மணி நேரத்தில் எழுதித் தூக்கி எறியும் ஒரு சிறு நிரலை ஓட்டிப் பாருங்கள்.

நிரல் எழுதத் தொடங்கும் முன், இவை அனைத்தையும் ஒருவரிடம் அரை மணி நேரம் விளக்குங்கள். அந்த ஒருவர் முறைகளில் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. இரவில் இந்த மென்பொருள் நின்றுவிட்டால் யாருக்கு அழைப்பு வருமோ அவராக இருந்தால் நல்லது. அவர் வரைபடத்தின் அழகைப் பார்க்க மாட்டார். ஹோல்டுகள் சிக்கிக்கொண்டால் தாம் எந்தக் கட்டளையை இயக்க வேண்டும் என்று கேட்பார்.

பிறகு, குழுப் பதிவுக்கு 15 நிமிடம் என்ற கோரிக்கையோ அது போன்ற வேறொன்றோ உண்மையிலேயே வரும் நாளில், தொட்ட கோப்புகளை எண்ணி, முன்பு குறித்துவைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டு என்று குறித்த இடத்தில் ஏழு வந்தால், கூடுதலான ஐந்து கோப்புகளில் நேர ஒப்பீடு எங்கெல்லாம் புகுந்திருக்கிறது என்று தேடி, புதிய அம்சத்தைச் சேர்க்கும் முன் அவற்றைக் காலாவதி மாட்யூலுக்குள் கொண்டுவாருங்கள்.